தெருவில் ஓடும் கொரியக் கார்கள், உள்ளங்கை அளவில்: டைகாஸ்ட் மாடல் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

டேவூ மாட்டிஸின் நீளம் 3495 மில்லிமீட்டர், அகலம் 1495. ஹூண்டாய் ஆட்டோஸையும், அதைத் தழுவி 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த நம்ம ஊர் சான்ட்ரோவையும் அளந்து பாருங்கள். அதே 3495, அதே 1495. எதிரெதிராகப் போட்டி போட்ட இரண்டு கம்பெனிகளின் கார்கள் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கொரியாவில் 'கியோங்சா' என்று ஒரு சிறு கார் வகை இருக்கிறது. அந்தக் காலத்துச் சட்டப்படி நீளம் 3.5 மீட்டருக்குள், அகலம் 1.5 மீட்டருக்குள், இன்ஜின் 800 சிசிக்குள் இருந்தால் வரிச் சலுகை, நெடுஞ்சாலையில் பாதிச் சுங்கம், பார்க்கிங்கில் தள்ளுபடி. அதனால் எல்லாரும் ஐந்து மில்லிமீட்டரை மட்டும் மிச்சம் விட்டு மற்ற இடம் முழுவதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். 2008-ல் எல்லை 3.6 மீட்டர், 1.6 மீட்டர், 1000 சிசி என்று தளர்ந்தது. இன்றைய கியா மார்னிங்கின் நீளத்தைப் பாருங்கள்: 3595.

இந்தக் கதை தெரிந்த பிறகு மாட்டிஸின் டைகாஸ்ட் மாடல் ஒன்றை, அதாவது உலோகத்தில் வார்த்த குட்டிக் காரை, கையில் எடுத்துப் பாருங்கள். சின்னப் பொம்மையாகத் தெரியாது. ஒரு நாடு தன் சாதாரணக் குடும்பங்களுக்குக் கார் கொடுக்க எப்படித் திட்டம் போட்டது என்பது உள்ளங்கையில் தெரியும். ஃபெராரி, போர்ஷே மாடல்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். டாக்ஸியாக ஓடிய சொனாட்டாவும், முட்டை விற்றுக்கொண்டு சந்துக்குள் வந்த நீல போர்ட்டர் லாரியும், பள்ளிக்கூட வாசலில் நின்ற பழைய கியா பிரைடும் அப்படிக் கிடைப்பதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டும். கொரியாவின் சுவோன் நகரத்தில் வேலைக்காக இருந்த நாட்களில் எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது. புதிதாக வருகிறவர்கள் நான் சுற்றிய அளவுக்குச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைப் பிடியுங்கள்

மாடல் வாங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. ஒரே கொரியக் கார் ஊருக்கு ஒரு பெயரில் ஓடும். நமக்குத் தெரிந்த பெயரில் தேடினால் பாதி மாடல்கள் கண்ணிலேயே படாது.

எலன்ட்ராவுக்குக் கொரியாவில் அவான்டே என்று பெயர். கெட்ஸ் அங்கே கிளிக். பிகான்டோ அங்கே மார்னிங். கியா ஆப்டிமாவைத் தேடினால் கே5 என்று வரும். இந்தியாவில் செவர்லே ஆப்ட்ரா என்று விற்றது கொரியாவில் டேவூ லசெட்டி. மாட்டிஸ் பின்னாளில் ஸ்பார்க் ஆனது. 1995-ல் நம் சாலைகளில் ஏசிக் காற்றோடு வந்து நின்ற டேவூ சியலோ, வேறு நாடுகளில் நெக்ஸியா. அதன் முன்னோர் கொரியாவில் லெமான்ஸ். சான்ட்ரோவின் உடம்பையே கொரியாவில் கியா 1999 முதல் விஸ்டோ என்ற பெயரில் விற்றது. இதெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது மூன்று பெயரிலும் தேடுங்கள். கொரிய எழுத்தில் தேட வேண்டிய இடங்களும் வரும். அதற்கு மொபைலில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியில் கொரியப் பெயரை எடுத்து அப்படியே ஒட்டினால் போதும். எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஹங்குல் எழுத்துகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டால் பெட்டி மேல் எழுதியிருப்பதை நீங்களே எழுத்துக் கூட்டிப் படிப்பீர்கள், அது தனி சந்தோஷம்.

ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

"கொரியக் கார் எல்லாம் சேர்ப்பேன்" என்று இறங்கினால் ஆறு மாதத்தில் அலமாரியும் நிறையும், பர்ஸும் காலியாகும், எதைப் பார்த்தாலும் ஒரு தொடர்பும் இருக்காது. ஏதாவது ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போங்கள். எனக்குப் பிடித்த சில இழைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சொனாட்டா. 1985-ல் முதல் சொனாட்டா. 2019-ல் வந்தது எட்டாவது தலைமுறை. கொரியாவின் நடுத்தரக் குடும்பத்தின் முப்பது, முப்பத்தைந்து வருடங்களை இந்த ஒரு பெயரை வைத்தே அடுக்கிவிடலாம். குடும்பக் கார், அலுவலகக் கார், போலீஸ், டாக்ஸி என்று எல்லா வேஷமும் போட்ட கார்.

இரண்டாவது, நான் ரொம்ப மதிக்கும் இழை: இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோவும் அவருடைய இட்டல்டிசைன் நிறுவனமும் வரைந்த கொரியக் கார்கள். 1974-ல் டூரின் கண்காட்சியில் வைத்து, 1975 கடைசியில் உல்சானில் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் போனி அவர் கை. கொரியாவின் முதல் சொந்த மாடல் கார் என்று போற்றப்படுவது இதுதான். இன்ஜின் மிட்சுபிஷியிடம் வாங்கியது, உருவம் ஜுஜாரோ கொடுத்தது. அடுத்த வருடமே ஈக்வடாருக்குக் கப்பலேறியது. அப்புறம் ஸ்டெல்லர், எக்ஸல், 1988 சொனாட்டா, டேவூ லானோஸ், லெகான்ஸா, சாங்யோங் ரெக்ஸ்டன் எல்லாம் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவைதான். மாட்டிஸுக்கு இன்னொரு கதை. 1990-களின் தொடக்கத்தில் ஃபியட்டுக்கு என்று வரைந்து, அங்கே எடுபடாமல் போன லுச்சியோலா என்ற சிறு காரின் வடிவம்தான் 1998-ல் மாட்டிஸாக வந்தது. போனியையும் மாட்டிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் இருபது வருடத்துக்கு மேல் இடைவெளி, ஆனால் ஜன்னல் கோட்டை இழுத்த கை ஒன்றுதான் என்று தெரியும்.

மூன்றாவது, வேலை வண்டிகள். ஹூண்டாய் போர்ட்டர் என்ற ஒரு டன் லாரியை 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் கொரியாவில் எந்தக் காரையும் விட அதிகம் பேர் வாங்கினார்கள். காய்கறிக்காரர், ஷிஃப்டிங் ஆள், தெருவோரச் சாப்பாட்டுக் கடை, எல்லாருடைய பிழைப்பும் அதில். கியா போங்கோ என்ற பெயர் அங்கே வேன் என்பதற்கே பொதுச் சொல்லாகிவிட்டது. எந்த வேனைப் பார்த்தாலும் வயதானவர்கள் 'போங்கோ-சா' என்பார்கள். டேவூ டமாஸ் என்ற குட்டி வேன், சுசுகியின் வடிவத்தில் 1991-ல் தொடங்கி 2021 வரை முப்பது வருடம் ஓடியது. இந்த வரிசை எடுத்தால் பொறுமை வேண்டும், மாடல்கள் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் கிடைக்கும் நாள் மறக்காது.

அளவுக் கணக்கு

1:38 என்றால் நிஜக் காரை 38-ல் வகுத்தது, அவ்வளவுதான். கொரியாவில் நீங்கள் அதிகம் பார்க்கப்போகும் அளவும் இதுதான். பினோ பி அண்ட் டி என்ற கொரிய நிறுவனம் ஹூண்டாய், கியாவிடம் உரிமம் பெற்று இந்த அளவில் வெளியிடுகிறது. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் புல்-பேக் வகை. கடைக்காரர் இதைக் குழந்தைகளுக்கு என்றுதான் விற்பார். ஆனால் மற்ற நாட்டு நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத அவான்டேயும் மார்னிங்கும் இங்கேதான் ஒழுங்கான உருவத்தில் கிடைக்கின்றன. புதியவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். விலை கையைக் கடிக்காது, உலோக உடம்பு, கதவு திறக்கும், கீழே விழுந்தாலும் தாங்கும்.

1:64 என்பது ஹாட்வீல்ஸ் அளவு. அதில் வரும் கொரியக் கார்கள் பெரும்பாலும் ஹூண்டாயின் N விஷன் 74, ஐயோனிக் 5 N போன்ற பந்தயச் சாயல் உள்ளவை. நல்ல மாடல்கள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பால் வாங்கப் போகும் கார்கள் இல்லை. இந்த அளவில் இன்னொரு சங்கதியும் உண்டு. எல்லா வண்டியும் ஒரே அட்டையில் அடங்க வேண்டும் என்பதால் பெரிய காரைச் சுருக்கி, சிறிய காரைப் பெருக்கிவிடுவார்கள். 4900 மில்லிமீட்டர் நீளமுள்ள சொனாட்டா உண்மையான 1:64-ல் 77 மில்லிமீட்டர் வர வேண்டும். மாட்டிஸ் 55-தான் வர வேண்டும். இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தால் அளவு என்பது பேச்சுக்குத்தான்.

1:43 பல நாட்டுச் சேகரிப்பாளர்களுக்குப் பழகிய அளவு. ஒரு பலகையில் ஸ்குரு போட்டு, மேலே தெளிவான மூடியோடு வரும். 1:18 பெரியது. சொனாட்டா 27 சென்டிமீட்டர் வந்துவிடும், இன்ஜின் வரை காட்டுவார்கள். எட்டு வைத்தால் ஒரு தட்டு நிறைந்தது. முதல் வருடம் ஒரே அளவில் நில்லுங்கள். அளவு ஒன்றாக இருந்தால்தான் மார்னிங், ஹூண்டாயின் பெரிய காரான கிராண்ஜரை விட எவ்வளவு சின்னது என்று கண் தானாகப் புரிந்துகொள்ளும். கலந்து வைத்தால் மாட்டிஸ் லாரியை விடப் பெரிதாக நிற்கும், பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அதனால் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை இணையத்தில் ஒருவர் "1:43 மாட்டிஸ்" என்று விற்றார். வந்ததும் அளந்தேன்: 74 மில்லிமீட்டர். வர வேண்டியது 81. கணக்குப் போட்டால் 1:47 ஆகிறது. அப்படி ஒரு அளவை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, வேறொன்றைப் பார்த்து அச்சு எடுத்த மலிவு வேலை. அன்றிலிருந்து பணம் அனுப்புமுன் "பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் அனுப்புங்கள்" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நேர்மையான விற்பனையாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

எங்கே கிடைக்கும்

சியோல் போக வாய்ப்பு இருந்தால் தொங்தேமுன் ரயில் நிலையத்தை ஒட்டிய சாங்சின்-தொங் பொம்மைத் தெருவுக்குப் போங்கள். எழுதுபொருளும் பொம்மையும் மொத்த விலையில் விற்கும் சந்து. நம் ஊர் சவுகார்பேட்டை சந்துகளில் நடந்தவர்களுக்கு அங்கே ஒன்றும் அந்நியமாக இருக்காது. அட்டைப்பெட்டி பாதித் தெருவை அடைத்திருக்கும், விலை கேட்டால் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார்கள். வாசலில் தொங்குவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே அடியில், தூசி படிந்த பெட்டிகளில்தான் இப்போது உற்பத்தி நின்றுபோன மாடல்கள் கிடக்கும். எனக்குப் பழைய ஒய்எஃப் (ஆறாம் தலைமுறை) சொனாட்டா ஒன்று அப்படித்தான் கிடைத்தது. கடைக்கார அம்மா தூசியை முந்தானைத் துணியில் துடைப்பது போல ஏப்ரனில் துடைத்துவிட்டு, மேசை மேல் வைத்துப் பின்னால் இழுத்து விட்டு, ஓடுகிறது என்று காட்டிய பிறகுதான் பணம் வாங்கினார்.

ஹூண்டாய் மோட்டார்ஸ்டூடியோ என்ற காட்சிக்கூடங்கள் சியோல் கங்னம் பகுதியிலும் பக்கத்து ஊர் கோயாங்கிலும் உள்ளன. அங்கே கம்பெனியின் சொந்தப் பொருட்களைப் பார்க்கலாம். பழைய சரக்குக்கு அங்கே போகாதீர்கள்.

இரண்டாம் கைச் சந்தை கொரியாவில் ரொம்பப் பெரியது. ஜுங்கோநாரா, பொன்கே ஜாங்தோ, தங்குன் என்ற மூன்று இணையச் சந்தைகளும் அங்குள்ள எல்லாருக்கும் தெரிந்தவை. தங்குன் என்றால் கேரட். 'உங்கள் பக்கத்தில்' என்ற கொரியச் சொற்களின் சுருக்கமும் அதுவேதான். பெயருக்கு ஏற்றபடி அக்கம்பக்கத்தவர் நேரில் சந்தித்துக் கைமாற்றும் செயலி அது. கொரிய மொபைல் எண் வேண்டும் என்பதால் வெளிநாட்டில் இருந்துகொண்டு நேரடியாக வாங்குவது கடினம். அங்கே படிக்கும் அல்லது வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால் வழி திறக்கும். இல்லாவிட்டால் நமக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகு சேவைகள் உண்டு. கட்டணம் தனி. ஒரே ஒரு காருக்காக அதைப் பயன்படுத்தாதீர்கள், நாலைந்து சேர்த்து ஒரே பார்சலாக எடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

சீனாவை மறந்துவிட வேண்டாம். 2002-ல் தொடங்கிய பீஜிங் ஹூண்டாயும், அதைப் போலவே டோங்ஃபெங் யுவேடா கியாவும் தங்கள் ஷோரூம்களுக்காக 1:18 அளவில் அருமையான மாடல்கள் செய்ய வைத்தன. கொரியாவிலேயே அந்த அளவில் கிடைக்காத சாதாரணக் கார்கள் அதில் வந்தன. இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. 2011-ல் இந்தியாவுக்கு வந்த 'ஃப்ளூயிடிக்' வெர்னா, சீனாவில் ஒரு வருடம் முன்பே ஓடத் தொடங்கிய கார். முதல் தலைமுறை கிரெட்டா அங்கே ஐஎக்ஸ்25 என்று 2014-ல் வந்தது. ஆகவே வீட்டு வாசலில் நின்ற கிரெட்டாவின் மாடல் வேண்டும் என்றால் ஐஎக்ஸ்25 என்று தேடுங்கள். பின்பக்கப் பெயர் எழுத்து வேறாக இருக்கும், விளக்கிலும் பம்பரிலும் சிறு மாற்றம் இருக்கும், உடம்பு கிட்டத்தட்ட அதுவே. ஆனால் எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. யுவேதொங் என்ற பெயரில் சீனாவில் ஓடிய எலன்ட்ராவுக்கு முகமே வேறு. கொரிய அவான்டே என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

பணம் கொடுக்குமுன்

சில நாட்கள் முன்பு ஒரு 1:38 சொனாட்டா டாக்ஸியை மேசை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிறம். சியோல் டாக்ஸியின் ஆரஞ்சு சும்மா ஆரஞ்சு இல்லை. பழைய அரண்மனைகளின் பூவேலைச் சுவர்களில் உள்ள செம்மண் நிறத்திலிருந்து எடுத்தது. கொஞ்சம் பழுப்பு கலந்தது. எலுமிச்சைச் சாயல் தெரிந்தாலோ, பிளாஸ்டிக் வாளி போலப் பளிச்சென்று இருந்தாலோ தவறு. அடுத்து கதவு இடுக்கு. பெயின்ட் தடியாக அடித்திருந்தால் இடுக்கு பாதி நிரம்பி, கதவும் உடம்பும் ஒன்றாகிவிட்டது போலத் தெரியும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இடுக்கில் ஒரே சீராக நிழல் விழ வேண்டும். கூரையின் ஓரத்தில் விரல் நுனியால் தடவுங்கள். அச்சின் இரண்டு பாகங்கள் சேர்ந்த கோடு நகத்தில் தட்டினால் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள். கூரைமேல் டாக்ஸி விளக்கு தனிப் பிளாஸ்டிக்கில் செய்து ஒட்டியது, அதைச் சுற்றிப் பசை வெளுத்திருக்கிறதா பாருங்கள். புல்-பேக் வண்டி என்பதால் பின்சக்கரம் சுதந்திரமாக உருளாது, பின்பக்கம் ஒரு மயிரிழை தூக்கலாக நிற்கும். அது குறையில்லை, அதன் சுபாவம்.

அப்புறம் நம்பர் பிளேட். பலரும் கவனிக்காதது இது, ஆனால் காலத்தைச் சொல்வது இதுதான். கொரியாவில் 1970-களிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை தனியார் கார்களுக்குப் பச்சைத் தட்டில் வெள்ளை எழுத்து. 2006 கடைசியிலிருந்து வெள்ளைத் தட்டு. டாக்ஸி, பேருந்து போன்ற வாடகை வண்டிகளுக்கு மஞ்சள். மின்சாரக் கார்களுக்கு 2017 முதல் நீலம். போனிக்கு வெள்ளைத் தட்டு மாட்டியிருந்தால் செய்தவர் அந்தக் காலத்தை யோசிக்கவில்லை என்று அர்த்தம். டாக்ஸிக்கு மஞ்சள் இல்லாவிட்டாலும் அப்படியே. என் சொனாட்டாவுக்கு மஞ்சள் இருக்கிறது.

கடைசியில் புரட்டிப் போட்டு அடித்தட்டைப் படியுங்கள். காரின் பெயர், அளவு, யாரிடம் உரிமம் பெற்றது, எங்கே செய்தது என்று அங்கே பொறித்திருக்க வேண்டும். பெட்டியில் கொரியாவின் கேசி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கும். வயது வரம்பும் ஒரு துப்பு: 14 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தால் சேகரிப்பாளரை மனதில் வைத்தது, மூன்று வயது என்றால் விளையாட்டுக்கு. இரண்டாம் கையில் வாங்கும்போது அடித்தட்டுப் படம் அனுப்ப மறுப்பவரை விட்டு விலகிவிடுங்கள்.

'டைகாஸ்ட்' என்று போட்டிருப்பதெல்லாம் டைகாஸ்ட் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்த்த கலவையை உருக்கி, அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துவதுதான் டைகாஸ்ட். கையில் எடுத்ததும் குளிர்ச்சியாகவும் கனமாகவும் இருக்கும். ரெசின் என்ற பிசின் வார்ப்பு மாடல்கள் கூர்மையாக அழகாக இருக்கும், கதவு திறக்காது, விழுந்தால் உடையும். அவையும் நல்லவைதான், ஆனால் தெரிந்து வாங்குங்கள். அகாடமி என்ற கொரிய நிறுவனம் போனியையும் போர்ட்டரையும் 1:24 பிளாஸ்டிக் கிட்டாக விற்கிறது. அதை நீங்களே வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். இன்னொன்று டோபாட். கியா சோல், ஃபோர்டே கூப், ஸ்போர்டேஜ் கார்கள் ரோபோவாக மாறும் கொரியப் பொம்மைகள். 'கியா சோல் மினி கார்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். கார் வடிவில் இருக்கும் படத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. மூட்டுகளின் கோடு கதவில் குறுக்கே ஓடினால் ரோபோ.

பார்சல்

விற்பவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பக்கக் கண்ணாடி இரண்டுக்கும் மேல் டிஷ்யூ சுற்ற வேண்டும். திறக்கும் கதவுகள் குலுங்காதபடி மெல்லிய தாள் வைக்க வேண்டும். பெட்டிக்குள் பெட்டி வைக்க வேண்டும். உடைந்து வரும் மாடல்களில் பத்துக்கு எட்டில் போவது பக்கக் கண்ணாடிதான், என் அனுபவத்தில்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்கத்தை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. விகிதங்கள் மாறக்கூடியவை, ஆர்டர் போடும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தர விதியும் வந்துவிட்டது. அதனால் அஞ்சலில் வரும் பொம்மைப் பெட்டி தடைபடலாம். நான் பெரும்பாலும் ஊருக்கு வரும் நண்பர்களிடம் இரண்டு மூன்று கொடுத்துவிடச் சொல்கிறேன். விலைச் சீட்டு கூடவே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வெயில் நேராக விழும் இடம் கூடாது. சிவப்பும் ஆரஞ்சும் முதலில் வெளுக்கும், வெள்ளைப் பிளாஸ்டிக் பாகங்கள் மஞ்சளாகும். கண்ணாடிக் கதவு உள்ள அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். சென்னை, யாழ்ப்பாணம் போல உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் முதலில் துருப்பிடிப்பது உடம்பு இல்லை, அடித்தட்டு ஸ்குருவும் ஆக்சில் கம்பியும். பஞ்சு நுனியில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தொட்டு வருடம் ஒருமுறை அதன்மேல் வைத்தால் போதும். அலமாரிக்குள் பாச்சா உருண்டை போடவே போடாதீர்கள். நாஃப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

டயர் விஷயத்தில் நான் அசந்துவிட்டேன். என் கருப்பு கிராண்ஜரை ஒரு பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நிறுத்தியிருந்தேன். இரண்டு கோடை கழித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரவில்லை. மெதுவாக அசைத்து எடுத்தபோது விரிப்பில் நாலு கருப்புத் தடம், டயரின் அடியில் பிசுபிசுப்பு. மென்மையான டயரில் சேர்த்திருக்கும் இளக்கும் பொருள் வெப்பத்தில் கசிந்து, கீழே உள்ள பிளாஸ்டிக்கோடு கலந்துவிடுகிறது. இப்போது எல்லாவற்றுக்கும் அடியில் சாதாரண வெள்ளைத் தாள் ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடித் தட்டாக இருந்தாலும் தாள் நல்லது.

தூசிக்கு மேக்கப் பிரஷ் போல ஒன்றும் இல்லை. புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக, விளக்குப் பக்கம் வந்ததும் அழுத்தாமல். விரல் ரேகைக்கு ஈரப் பஞ்சு போதும். ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே வரக்கூடாது. பின்பக்கப் பெயர் எழுத்தும் நம்பர் பிளேட்டும் மெல்லிய மை அச்சு, ஒரே துடைப்பில் போய்விடும். உலோகத்தில் முடி போன்ற விரிசலும் பெயின்டில் கொப்புளமும் தெரிந்தால் அது தூசிப் பிரச்சினை இல்லை. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்து உள்ளிருந்தே சிதைவது. அந்த வண்டியை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், சரிசெய்ய வழியில்லை. மற்ற வண்டிக்குத் தொற்றுமோ என்று பயப்பட வேண்டாம், தொற்றாது.

பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். தட்டையாக மடித்தாவது வையுங்கள். பின்னாளில் விற்கவோ மாற்றிக்கொள்ளவோ வந்தால் பெட்டியோடு உள்ளதற்கு மரியாதை அதிகம். ஊர் மாறும்போதும் அதைப் போல ஒரு பாதுகாப்பு கிடைக்காது.

ஒரு நோட்டுப் புத்தகம்

முதல் மாடல் வாங்கும் நாளிலேயே இதைத் தொடங்குங்கள், இருபது சேர்ந்த பிறகு நினைவில் இருக்காது. காரின் கொரியப் பெயர், வெளிநாட்டுப் பெயர், எந்த ஆண்டு வடிவம், அளவு, அடித்தட்டில் என்ன எழுதியிருக்கிறது, எங்கே, எவ்வளவுக்கு வாங்கினேன். இதோடு இன்னொரு வரி: நிஜக் காரை எங்கே பார்த்தேன். என் சொனாட்டா டாக்ஸியின் பக்கத்தில், "சுவோன் நிலையம், மழை, இரவு 11 மணி, ஓட்டுநர் என் இரண்டு பைகளையும் தானே இறங்கி டிக்கியில் வைத்தார்" என்று எழுதியிருக்கிறேன். மாட்டிஸ் பக்கத்தில் இன்னும் அந்த வரி காலியாக இருக்கிறது. கொரியச் சாலைகளிலேயே முதல் தலைமுறை மாட்டிஸ் இப்போது குறைந்துவிட்டது. அடுத்த முறை போகும்போது பென்சிலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகிறேன்.